ஒளித் துடிப்பை அளக்க ஒளியே அளவுகோல்

பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்வதற்காகக் கருவிழியில் மெல்லிய மடல் ஒன்றை வெட்டும் லேசர் கருவி இன்று பல மருத்துவமனைகளில் இருக்கிறது. கத்தி படுவதில்லை, பக்கத்துத் திசுவும் பொசுங்குவதில்லை. காரணம், அந்த லேசர் விடாமல் எரியும் விளக்கு அல்ல. ஒவ்வொன்றும் சில நூறு ஃபெம்டோ வினாடி மட்டுமே நீடிக்கும் துடிப்புகளாக அது ஒளியை விடுகிறது.

ஃபெம்டோ வினாடி என்றால் எவ்வளவு? ஒரு வினாடியை ஆயிரம் டிரில்லியன் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. வினாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் பாயும் ஒளிகூட, ஒரு தலைமுடியின் தடிமனைக் கடக்க இருநூறு, முந்நூறு ஃபெம்டோ வினாடி எடுத்துக்கொள்ளும்.

துடிப்பு நீண்டுவிட்டால் அதன் உச்ச வலிமை குறையும். வெட்டும் திறனும் குறையும். ஆகவே அளந்தே ஆகவேண்டும். ஆனால் எதைக் கொண்டு அளப்பது? வேகமான மின்னணு உணர்கருவிகளே பிக்கோ வினாடியில், அதாவது ஆயிரம் ஃபெம்டோ வினாடி அளவில், நின்றுவிடுகின்றன. அதைவிடக் குறுகிய நிகழ்வு கையில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: அந்தத் துடிப்பு!

எனவே 1960-களின் பிற்பகுதியிலேயே ஆய்வாளர்கள் துடிப்பைக் கொண்டே துடிப்பை அளந்தார்கள். ஒரு துடிப்பை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நகரும் கண்ணாடியில் பட்டுத் திரும்பச் செய்வார்கள். கண்ணாடி ஒரு மைக்ரோமீட்டர் பின்னால் போனால், அந்தப் பாதி சுமார் 6.7 ஃபெம்டோ வினாடி தாமதமாகும். பிறகு இரண்டும் ஒரு படிகத்துக்குள் சந்திக்கும். ஒரே நேரத்தில் வந்தால் மட்டும் இரண்டும் சேர்ந்து புது நிற ஒளியைப் பிறப்பிக்கும். எவ்வளவு தாமதம் வரை அது பிறக்கிறது என்பதே கணக்கு.

நல்ல தந்திரம்தான். ஆனால் பாதி உண்மையை அது மறைத்துவிட்டது. துடிப்பு எத்தனை கோணலாக இருந்தாலும், வரைபடம் இருபுறமும் ஒரே மாதிரியாகவே வரும். உண்மையான நீளத்தைச் சொல்ல, வடிவத்தை முன்கூட்டியே ஊகித்துக்கொள்ள வேண்டும். மணி வடிவம் என்றால் விடையை 1.41-ஆல் வகுப்பார்கள், வேறொரு வடிவம் என்றால் 1.54-ஆல். அளவீடா, அனுமானமா?

நிறங்களின் கதை அதைவிடச் சிக்கலானது. குறுகிய துடிப்பில் பல நிறங்கள் கலந்திருக்கும். கண்ணாடிக்குள் புகுந்தால் சிவப்பு முந்தும், நீலம் பிந்தும். 10 ஃபெம்டோ வினாடித் துடிப்பு ஒரு சென்டிமீட்டர் சிலிக்கா கண்ணாடியைக் கடந்தால் சுமார் 100 ஆக நீண்டுவிடும். ஊர்வலத்தின் நீளம் தெரிந்தால் போதுமா? முன்னால் போவது யார் என்றும் தெரியவேண்டுமே.

அதற்கு 1993-ல் அமெரிக்காவின் டேனியல் கேனும் ரிக் டிரெபினோவும் வழி காட்டினார்கள். வெளிவரும் ஒளி எவ்வளவு என்று மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு தாமதத்திலும் அதை நிறம் நிறமாகப் பிரித்துப் பதிவு செய்தார்கள். அந்தப் படத்துக்குப் பொருந்தும் துடிப்பு எது என்று கணினி திரும்பத் திரும்பத் தேடும். முறையின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் 'தவளை' என்று வரும். விஞ்ஞானிகளுக்கும் குறும்பு உண்டு. இதன் படிக வகையில் முன் எது, பின் எது என்ற குழப்பம் இன்னமும் எழுவதுண்டு. வழியில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து மறுபடி அளந்தால் அது தீர்ந்துவிடும்.

2001-ல் ஃபெம்டோவிலும் ஆயிரம் மடங்கு சிறிய அட்டோ வினாடி எல்லைக்குள் பியர் அகோஸ்தினியும் ஃபெரென்ஸ் கிராவ்சும் தனித்தனியே நுழைந்தார்கள்: ஒருவர் அளந்தது 250 அட்டோ வினாடித் துடிப்பு வரிசை, மற்றவர் அளந்தது 650 அட்டோ வினாடித் தனித்துடிப்பு. அங்கே படிகம் உதவவில்லை. வாயு அணுக்களிலிருந்து தெறித்த எலெக்ட்ரான்களே சாட்சி சொல்லின. ஆன் லூலியேயுடன் இவ்விருவருக்கும் 2023-ல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.