காய், பழத்துக்கும் கணக்கு உண்டா?

கலோரி பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் காய்கறி, பழங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா? எங்கள் தெருவில் நாலு பெண்கள் கூடினால் இப்போதெல்லாம் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "அதெல்லாம் உடம்புக்கு நல்லதுதானே, அதுக்கு எதுக்குக் கணக்கு?" என்பார் ஒருவர். "வாய்க்குள்ள போற எல்லாமே கணக்குதான்" என்பார் இன்னொருவர். இந்த இரண்டு கட்சியும் என் வீட்டுக்குள்ளேயே இருந்தன. இரண்டும் எங்களுக்கு நன்றாகவே பாடம் கற்பித்தன. மற்ற சகோதரிகளுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் கட்சி நான். எனக்கு வயது 47. 2023 மே மாதம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.1 என்று வந்தது. 5.7-க்குக் கீழே இருந்தால்தான் இயல்பு, 6.5 ஆகிவிட்டால் சர்க்கரை நோய். "இன்னும் உள்ளே வரலை, ஆனா வாசல்ல நிக்குது" என்றார் டாக்டர். என் அம்மா சர்க்கரையால் கால் விரலை இழந்தவர். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எடை வேறு 72 கிலோ.

டயட்டீஷியன் ஒரு நாளைக்கு 1500 கலோரி என்று சொல்லி, சாப்பிடுவதையெல்லாம் நோட்டில் எழுதச் சொன்னார். நானும் மளிகைக் கணக்கு எழுதுவது போல ஒன்று விடாமல் எழுதினேன். இட்லி மூன்று, சாதம் ஒரு கப், மோர் ஒரு டம்ளர். "சோத்தை அளந்து திங்கிற காலமா போச்சே" என்று என் கணவர் கிண்டல் செய்தார். நான் அசையவில்லை.

மூன்று மாதம் கழித்துப் போனால் எடை அரை கிலோதான் குறைந்திருந்தது. சர்க்கரைச் சராசரியோ 6.3. எனக்கு அழுகையே வந்துவிட்டது. டயட்டீஷியன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"என்னம்மா, இதுல பழத்தையே காணோமே. சாப்பிடறதில்லையா?"

"சாப்பிடுவேன் மேடம். அது பழம்தானேன்னு எழுதலை."

"சரி, நேத்து என்னென்ன பழம் சாப்பிட்டீங்க, சொல்லுங்க."

சொன்னேன். காலையில் நடந்துவிட்டு வந்ததும் வாழைப்பழம் இரண்டு. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு மாம்பழம் ஒன்று. நத்தம் பக்கத்து மாம்பழம் கூடை கூடையாக வந்து இறங்கும் திண்டுக்கல்லில் இருந்துகொண்டு எப்படிச் சும்மா இருப்பது! சாயங்காலம் சீரியல் பார்த்துக்கொண்டே ஒரு கிண்ணம் திராட்சை. சோறு குறைத்த பசியெல்லாம் பழத்தின் பக்கம் போயிருந்தது.

அவர் ஒரு தாளில் எழுதிக் கூட்டினார். வாழைப்பழம் இரண்டுக்கு 200. நடுத்தர மாம்பழத்துக்கு 200. இருநூறு கிராம் திராட்சைக்கு 140. மொத்தம் 540! எனக்கு அனுமதித்த 1500-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நோட்டிலேயே ஏறவில்லை. ஒரு மாம்பழம் ஏறக்குறைய மூன்று இட்லிக்குச் சமம் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

காய்க்கும் நான் வெறும் கோடுதான் போட்டிருந்தேன். அதை அவர் தப்பு என்று சொல்லவில்லை. "காயை விட்டது பரவாயில்லை. அதுல ஊத்தின எண்ணெயை யார் எழுதுவா?" என்று கேட்டார். நூறு கிராம் வெண்டைக்காயில் சுமார் 35 கலோரிதான். அதை வதக்க ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் விட்டால் அதுவே 120. மேலே தூவும் தேங்காய்த்துருவல் 25 கிராம் என்றால் இன்னும் 100-க்கு மேல். காயைவிடக் கரண்டிதான் கனம்!

இரண்டாவது கட்சி என் மகள். கோவையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். அந்த வருடம் தீபாவளி விடுமுறைக்கு வந்தவளைப் பார்த்து அதிர்ந்து போனேன். முகம் வெளிறி, தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்துகொண்டிருந்தது. செல்போனில் ஒரு ஆப் வைத்துக்கொண்டு 1200 கலோரி என்று தானே முடிவு செய்து, வெள்ளரிப் பிஞ்சைக்கூட எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தாள். எண்ணட்டும், தவறில்லை. ஆனால் கணக்கு இடித்தால் முதலில் வெட்டுவது காயைத்தான்.

"அம்மா, சுரைக்காய் கூட்டு ஒரு கிண்ணம் 120 காட்டுது. வேணாம்மா. அதுக்குப் பதிலா நாலு பிஸ்கட் சாப்பிட்டுக்கறேன், கணக்கு சரியாயிடும்."

கணக்கு சரியாகத்தான் இருந்தது. உடம்புதான் சரியாக இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டிய இடத்தில் 9.4. கூடவே மலச்சிக்கல். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதித் தந்துவிட்டு, தட்டில் காயும் கீரையும் கொய்யாவும் திரும்ப வர வேண்டும் என்றார். கீரை மட்டுமே ரத்தசோகையைத் தீர்த்துவிடாதாம். ஆனால் கொய்யா, நெல்லி, எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி, சாப்பாட்டிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவுமாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை உள்ளவர்கள். அந்தக் கூட்டத்தில் என் பெண்ணும் ஒருத்தி என்றபோது மனசு என்னவோ செய்தது.

இத்தனையும் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார் ஒரே வரியில் முடித்தார்: "ஒருத்தி எண்ணாம கெட்டா, ஒருத்தி எண்ணிக் கெட்டா."

டயட்டீஷியனிடம் இருவரும் சேர்ந்து போய்க் கேட்டு வந்த முறையைத்தான் இன்றுவரை எங்கள் வீட்டில் கடைப்பிடிக்கிறோம்.

எண்ண வேண்டாதவை: சுரை, புடலை, பீர்க்கை, வெண்பூசணி, வெள்ளரி, கத்தரி, முட்டைக்கோஸ், வெண்டை, கீரை வகைகள். பெரும்பாலும் நூறு கிராமுக்கு 10 முதல் 45 கலோரிதான். முருங்கைக்கீரையில் மட்டும் 90 வரை உண்டு; ஆனால் அதை யாரும் கிலோ கணக்கில் சாப்பிடுவதில்லை. சுரை, புடலை போன்ற நீர்க்காய் 300 கிராமைக் கணக்கில் விட்டாலும் தவறு 60-ஐத் தாண்டாது. வயிறோ நிறைந்துவிடும்.

எண்ண வேண்டியவை: உருளைக்கிழங்கு, சேப்பங்கிழங்கு நூறு கிராமுக்குச் சுமார் 100. மரவள்ளி சுமார் 160. இவை பெயருக்குத்தான் காய். வேலையில் சோற்றுக்குச் சொந்தம். உலக சுகாதார நிறுவனம் தினமும் 400 கிராம் காய், பழம் சாப்பிடச் சொல்லும்போது இந்தக் கிழங்குகளைச் சேர்ப்பதில்லை. எண்ணெயும் தேங்காயும் கட்டாயம் நோட்டில் ஏற வேண்டும்.

பழம்: எண்ண வேண்டும், ஆனால் நிறுத்தக் கூடாது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் (1918-ல் நம் குன்னூரில் தொடங்கியதுதான்) 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம் என்கிறது. நான் தினம் ஒரு கொய்யா அல்லது ஒரு கிண்ணம் பப்பாளி வைத்துக்கொள்கிறேன். மாம்பழம் என்றால் ஒரு பக்கத்துக் கதுப்பு மட்டும். அன்றைக்கு மதியம் சோறு கொஞ்சம் குறையும். ஜூஸ் கிடையாது. மூன்று ஆரஞ்சைப் பிழிந்து சர்க்கரையும் போட்டு ஒரே மடக்கில் குடித்தால் மூன்று பழம் தின்றது வயிற்றுக்கே தெரியாது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டே அளவை மாற்ற வேண்டும்.

2024 ஆகஸ்டில் என் எடை 67, சர்க்கரைச் சராசரி 5.8. வாசலில் நின்றது இரண்டு படி கீழே இறங்கியிருக்கிறது. மகளுக்கு ஹீமோகுளோபின் 11.6 ஆனது. ஆப்பை அவள் இன்னும் விடவில்லை. ஆனால் விடுமுறைக்கு வந்தால், "அம்மா, இன்னொரு கரண்டி புடலங்காய் கூட்டு வைம்மா" என்று தட்டை நீட்டுகிறாள். அந்தக் கரண்டியை நாங்கள் இருவரும் எழுதுவதில்லை.

- ஒரு வாசகி, திண்டுக்கல்