வளைந்த வயலில் சரிபாதி எது?

சதுர வயல் என்றால் நீளத்தை அகலத்தால் பெருக்கிடலாம். முக்கோண வயலுக்கும் வழி தெரியும். ஆனா ஒரு பக்கம் வாய்க்கால் வளைஞ்சு போனா எப்படி அளப்பது? பிளஸ் டூ கணக்கில் 'வரையறுத்த தொகையிடல்' என்று ஒரு பாடம் வருதே, அது இதுக்குத்தான். பேரைப் பார்த்துப் பயப்படாதீங்க!

ஒரு வயலை எடுத்துக்கொள்வோம். நேரான வரப்பு 100 அடி. அதன் முனையில் அகலமே இல்லை. 10-வது அடியில் அகலம் 1 அடி, 20-ல் 4 அடி, 30-ல் 9 அடி, கடைசியில் 100 அடி. அதாவது எத்தனையாவது அடியோ, அதை அதாலேயே பெருக்கி 100-ஆல் வகுத்தால் அகலம்.

இதை 10 அடிப் பட்டைகளாக வெட்டுங்க. ஒவ்வொரு பட்டைக்கும் குறைந்த அகலத்தை வைத்துக் கூட்டினால் 2,850 சதுர அடி. அதிக அகலத்தை வைத்தால் 3,850. உண்மையான பரப்பு இரண்டுக்கும் நடுவில். பட்டையை 1 அடி ஆக்கினா 3,283.5-ம் 3,383.5-ம் வருது. இடைவெளி 1,000-லிருந்து 100-க்கு இறங்கிடுச்சு! இன்னும் மெலிசா வெட்ட வெட்ட, இரண்டும் 3,333⅓-ஐ நெருங்கும்.

1675-ல் லைப்னிட்ஸ் என்ற அறிஞர், கூட்டுத்தொகைக்கு உள்ள லத்தீன் சொல்லான 'சும்மா'வின் முதல் எழுத்தை நீட்டி எழுதினார். அந்த நீண்ட 'எஸ்'தான் தொகையிடல் குறி. (சும்மா சொல்லலைங்க, நிஜம்!)

பட்டை வெட்டாமலே விடை காணவும் வழி உண்டு. முடியும் அடியை மூன்று தடவை போட்டுப் பெருக்கி 300-ஆல் வகுக்கணும். ஆரம்ப அடிக்கும் அதையே செய்து கழிக்கணும்.

இப்போ அண்ணனும் தங்கையும் பாகம் பிரிக்கிறாங்க. 50-வது அடியில் குறுக்கே வரப்பு போட்டு "ஆளுக்குப் பாதி" என்றால் நியாயமா? 0 முதல் 50 வரை 417 சதுர அடிதான், ஒரு சென்ட்கூட இல்லை. 50 முதல் 100 வரை 2,917 சதுர அடி, ஆறரை சென்டுக்கு மேலே! முனைப்பக்கம் தங்கைக்கு விழுந்தால் அவளுக்கு எட்டில் ஒரு பங்குதான். சரிபாதி வேணும்னா 79-வது அடியைத் தாண்டி வரப்பு போடணும்.

நிஜ வாய்க்கால் வர்க்க எண் பார்த்து வளையாது. அங்கே சுருக்கு வழி நடக்காது. 10 அடிக்கு ஒரு தடவை டேப் பிடித்து அகலம் அளந்து, பட்டை பட்டையாகத்தான் கூட்டணும்.

வயலின் படம் கீழே கிராஃப் தாளில் ஒட்டியிருக்கேன். கட்டம் எண்ணுறவங்க தயவுசெய்து பேனாக் கோடு போடாதீங்க!