செவி படைத்த அட்டை

ஒரு பாட்டைப் பதிவு செய்ய அதற்கென்று ஒரு கட்டடமே வேண்டும் என்றிருந்த காலத்தில், அத்தகைய கட்டடங்களில் பெயர்பெற்ற இரண்டு நம் கோயம்புத்தூரிலேயே இருந்தன என்பது, கிணத்துக்கடவிலிருந்து தினந்தோறும் நகரத்துக்குப் பஸ் ஏறும் இளைஞர்களில் பலருக்குத் தெரியாது. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டுடியோவில்தான் தியாகராஜ பாகவதரின் ‘சிவகவி’யும் (1943) ‘ஹரிதாஸ்’ படமும் (1944) உருவாயின. ஸ்ரீராமுலு நாயுடுவின் பட்சிராஜா ஸ்டுடியோவிலிருந்து 1954இல் ‘மலைக்கள்ளன்’ வந்தது. பின்னாளில் மெல்லிசை மன்னர் என்று போற்றப்பட்ட எம். எஸ். விஸ்வநாதன், எஸ். எம். சுப்பையா நாயுடுவிடம் தொழில் பழகியதும் அந்தக் கோவை வாசத்தில்தான். கூடம் நிறைய வாத்தியக்காரர்கள், சப்தத்தை ஒளிக்கோடாக்கி ஃபிலிம் சுருளில் பதிக்கும் யந்திரம், அதை இயக்கத் தேர்ந்த நிபுணர் என்று இத்தனையும் ஓரிடத்தில் கூடினால்தான் மூன்று நிமிஷப் பாட்டு ஒன்று பிறக்கும்.

அந்தக் கட்டடம் வீட்டுக்குள் புகுந்துகொண்ட வரலாற்றில் 1989 ஒரு விசேஷமான வருஷம். சென்னையில் ஏ. ஆர். ரஹ்மான் தம் வீட்டை ஒட்டியே பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தை அமைத்துக்கொண்டது அந்த வருஷத்தில்தான். மூன்று வருஷங்களுக்குப் பின் ‘ரோஜா’வின் பாட்டுகள் அங்கிருந்து புறப்பட்டு நாடெங்கும் ஒலித்தன. அதே 1989இல், சிங்கப்பூரில் சிம் வோங் ஹூ என்பவர் தொடங்கி நடத்திவந்த கிரியேட்டிவ் நிறுவனம், ‘சவுண்டு பிளாஸ்டர்’ என்ற, கம்ப்யூட்டருக்குள் செருகும் உள்ளங்கையகல அட்டை (சவுண்டு கார்டு) ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு இரண்டு வருஷம் முந்தியே கனடாவிலிருந்து ‘அட்லிப்’ என்ற அட்டை வந்திருந்தது என்றாலும், யமஹா செய்த சில்லு ஒன்றின் உதவியால் ஒன்பது செயற்கை நாதங்களை ஒரே சமயத்தில் எழுப்ப அதற்குத் தெரிந்ததே தவிர, வெளியிலிருந்து எதையும் கேட்டுக்கொள்ளத் தெரியாது. அதற்கு இருந்தது வாய் மட்டும். செவியையும் சேர்த்துக் கொடுத்தது சவுண்டு பிளாஸ்டர். உலகம் அந்த வாயைக் கண்டுதான் வியந்தது. நம் பக்கத்துச் சங்கீதத்துக்குப் பயன்படப்போவது செவியே என்பது என் அபிப்பிராயம்.

அந்தச் செவி எவ்வாறு கேட்கிறது? மைக்குக்குள் இருக்கும் மெல்லிய தகடு, பாடுபவரின் குரலால் காற்றில் எழும் அதிர்வுக்கு ஏற்பத் தானும் அதிர்ந்து, மிகச் சிறிய மின்சார ஏற்ற இறக்கமாக அதை மாற்றுகிறது. சவுண்டு கார்டு அந்த ஏற்ற இறக்கத்தை விநாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாக எழுதிவைக்கிறது. மனிதக் காது விநாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரைதான் கேட்கும். ஓர் அதிர்வின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் தவறவிடாதிருக்க அதை இரண்டு தடவைக்கு மேலேயே அளக்க வேண்டும். 44,100 என்ற விசித்திரமான தொகையின் அடிப்படை அதுதான். முதல் சவுண்டு பிளாஸ்டர் அந்த அளவுகளை 256 படிகளில் ஒன்றாகத்தான் குறித்தது. ஆகவே அதில் பதிந்த குரல் கரகரத்தது. 1992இல் வந்த ‘சவுண்டு பிளாஸ்டர் 16’ அதே வேலையை 65,536 படிகளில் செய்தது. பாட்டைத் திரும்ப ஒலிக்கும்போது எண்கள் மின்சாரமாகி, மின்சாரம் ஸ்பீக்கரின் அசைவாகி, அசைவு மறுபடி காற்றின் அதிர்வாகிறது.

இனி வாயின் சமாசாரம். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால் ‘இந்த ஸ்வரம், இவ்வளவு பலத்தோடு’ என்ற செய்தி மட்டும் கம்ப்யூட்டருக்குப் போகும்; 1983இல் வகுக்கப்பட்ட அந்தச் செய்தி முறைக்கு மிடி என்று பெயர். எந்த எண்ணுக்கு எந்த வாத்தியம் ஒலிக்க வேண்டும் என்று 1991இல் 128 வாத்தியங்கள் கொண்ட ஒரு பொது ஜாபிதா தயாரித்தார்கள். அதில் 105ஆவது இடத்தில் சிதாரும், 112ஆவது இடத்தில் ஷெனாயும் உட்கார்ந்திருக்கின்றன. துப்பாக்கிச் சத்தத்துக்கும் ஹெலிகாப்டருக்கும்கூட அதில் இடம் உண்டு. நாதஸ்வரமும் வீணையும் மிருதங்கமும் இல்லை. இவற்றுக்கே இடமில்லாதபோது, நம் கோயில் நோன்புகளில் முழங்கும் பம்பையையும் உறுமியையும் தேடுவது வீண் பிரயத்தனம்.

பெயர் இல்லாதது மட்டும் குறையன்று. உறுமியின் ஒரு பக்கத்துத் தோலை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது எழும் அந்த முனகலும், உடுக்கையின் இடைக்கயிற்றை இறுக்கியும் தளர்த்தியும் வாசிப்பவர் வருவிக்கும் குழைவும், ஒரு ஸ்வரத்தில் நில்லாமல் வழுக்கிக்கொண்டே செல்பவை. பன்னிரண்டு கட்டைகளாக வகுக்கப்பட்ட கீபோர்டு, ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே உள்ள வெளியைத் தானாக அறியாது. பக்கத்திலுள்ள பிட்ச் சக்கரத்தை உருட்டிக் கமகம் வரவழைக்கும் வித்வான்கள் இருக்கிறார்கள்; அவர்கள் வாசிப்பைக் கேட்டு நானும் தலையசைத்திருக்கிறேன். ஆனால் உறுமி வேண்டுமென்றால் உறுமிக்காரரை அழைத்து மைக்கின் முன் உட்கார வைப்பதைவிட நல்ல உபாயம் கிடையாது.

உட்கார வைத்த பிறகுதான் சங்கடங்கள் ஆரம்பமாகின்றன. மேசைக் கம்ப்யூட்டரின் பின்புறத்தில் வரிசையாக மூன்று துளைகள் இருக்கும்: இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் மிக்ஸர் போன்ற சாதனங்களுக்கு, பச்சை ஸ்பீக்கருக்கு. மைக்கிலிருந்து வருவது மிகவும் பலவீனமான மின்சாரம் என்று எண்ணி இளஞ்சிவப்புத் துளை அதைப் பலமடங்கு பெருக்கும். அதில் கொண்டுபோய் மிக்ஸரின் ஒயரைச் செருகினால் பாட்டு உடைந்து இரைச்சலாகிவிடும். உறுமியும் பம்பையும் நேராக மைக்கில் முழங்கினாலும் அதே கதிதான். 65,536 படிகளில் பாதி சுழிக்கு மேலே, பாதி கீழே; ஆகவே எண்களின் எல்லை 32,767. அதற்கு மேல் எழும் அதிர்வு எத்தனை பெரிதானாலும் அந்த எண்ணிலேயே வெட்டுண்டு நிற்கும். ‘ஆடாசிட்டி’ போன்ற இலவச மென்பொருளில் பார்த்தால், கூராக இருக்க வேண்டிய அலைகளின் உச்சிகள் சீவியது போல் தட்டையாகத் தெரியும்; அதைப் பின்னால் சீர்படுத்துவது அநேகமாக இயலாத காரியம். உச்ச முழக்கத்தை முன்கூட்டியே ஒரு தரம் வாசிக்கச் சொல்லி, அளவுகாட்டி எல்லைக்கு 12 டெசிபெல் கீழே நிற்கும்படி வைத்துக்கொள்வது உத்தமம்.

அடுத்தது ‘ம்ம்ம்’ என்று அடித்தளத்தில் ஓயாது கேட்கும் ரீங்காரம். நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாக அலைவது. எர்த் சரியில்லாத வீடுகளில் அந்த ஐம்பதும் அதன் மடங்குகளும் மைக் ஒயர் வழியே உள்ளே வந்துவிடும். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பாட்டரியிலேயே ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் சட்டென்று நின்றால் குற்றம் எர்த்தில் என்று தெளியலாம். தோட்டத்துக் கிணற்று மோட்டாரை யாராவது போடும்போது எழும் ‘டப்’ என்ற சத்தமும் பதிவில் வரும். அதற்கு மோட்டார் ஓடாத வேளையைப் பார்த்துக்கொள்வதுதான் மருந்து.

விலையுயர்ந்த கார்டு வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் பூரண சம்மதமில்லை. யூஎஸ்பி ஒயரில் மாட்டும் ஆடியோ இன்டர்பேஸ் என்ற பெட்டி, கண்டென்சர் மைக்குக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரத்தைத் தரும், இரைச்சலையும் குறைக்கும் என்பது மெய்யே. ஆனால் டைல்ஸ் ஒட்டிய வெறுஞ்சுவர் அறையில் குரல் சுவருக்குச் சுவர் மோதித் திரும்புவதை எந்தக் கார்டும் தடுக்காது. பொள்ளாச்சிச் சுற்றுவட்டாரத்து மில்களில் கிடைக்கும் தென்னை நார் மெத்தைகளை இரண்டு சுவர்களில் சாய்த்து வைத்தால், நாரின் இடுக்குகளில் புகுந்த அதிர்வு அங்கேயே தேய்ந்து அடங்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்று தென்னையோலைகளை உலுக்கும் மாதங்களில், மேற்குப் பார்த்த ஜன்னலைத் திறந்து வைத்துப் பதிவு செய்ய நினைப்பது வேண்டாத வேலை.

பாடுகிறவர் ஹெட்போனில் தம் குரலையே சற்றுத் தாமதித்துக் கேட்டுத் தாளம் தவறுவதும் உண்டு. கம்ப்யூட்டர் எண்களை ஒவ்வொன்றாக வாங்காமல், 1,024 எண்களைச் சேர்த்துவைத்து ஒரு கட்டாக வாங்குகிறது. அதற்கு 23 மில்லி விநாடி, திருப்பி அனுப்ப இன்னொரு 23. காற்றில் சப்தம் இந்நேரத்துக்குள் ஏறக்குறைய 50 அடி போய்விடும். அதாவது தம் குரலை அத்தனை தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டு பாடுவதாகும். மென்பொருளில் பஃபர் என்றிருக்கும் எண்ணை 128க்குக் குறைத்தால் தாமதம் எட்டில் ஒன்றாகும். பழைய கம்ப்யூட்டராயிருந்தால் அப்போது பாட்டு விட்டுவிட்டு ஒலிக்கும். ஆகையால் தத்தம் யந்திரத்தின் சக்திக்கேற்ப இடையில் ஓர் எண்ணைக் கண்டுகொள்ள வேண்டியதுதான்.

இத்தனை சிரத்தையும் எதற்கு என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1965இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் அறிஞர், காங்கேயம் பக்கத்தில் உடுக்கையடித்துப் பாடப்பட்ட அண்ணன்மார் கதையை டேப் சுருள்களில் பதிந்துகொண்டார். அந்தப் பதிவிலிருந்தே கதை பிறகு அச்சேறியது. இரவு முழுதும் நடக்கும் அப்படியொரு கதைப்பாட்டை இன்று சவுண்டு கார்டின் வழியே பதிந்தால், இரண்டு மைக்குகளுக்கு விநாடிக்கு 1,76,400 பைட் வீதம், எட்டு மணி நேரத்துக்குச் சுமார் 5 ஜிபி ஆகும். நகக்கண் அளவுள்ள மெமரி கார்டில் அது அடங்கும். எம்பி3யாகச் சுருக்காமல் வேவ் கோப்பாகவே வைத்துக்கொள்வது நல்லது. கதை சொல்பவருக்கும் உடுக்கைக்கும் தனித்தனி மைக் வைத்தால், பின்னால் குரலை மட்டும் உயர்த்திக்கொள்ளவும் முடியும்.