அயல் மண்ணில் – 9: கடமான் ஏறிய மலை

சென்ற வாரம் முயல்களோடு நிறுத்தியிருந்தேன். 1859இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் விக்டோரியாவில் தன் நிலத்தில் வேட்டைக்கென்று விட்ட சில முயல்கள் நூறாண்டுக்குள் கோடிக்கணக்கில் பெருகின. கடைசியில் நோய்க்கிருமியை ஏவித்தான் அவற்றை அடக்க வேண்டியிருந்தது. முயல் ஐரோப்பாவிலிருந்து போனது. இந்த வாரம் நாம் பார்க்கப்போகும் விலங்கு நம் பக்கத்திலிருந்து போனது. முதுமலையிலும் ஆனைமலையிலும் களக்காட்டிலும் அந்திக்கு மேல் தண்ணீருக்கு இறங்கும் கடமான். குமரி, நெல்லைக்காரர்கள் மிளா என்பார்கள்.

இந்தியாவில் கடமானைக் கொன்றால் சிறை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் 2008 முதல் அது அழிவாய்ப்புள்ள இனம். மேற்குத் தொடர்ச்சி மலையில் புலி நிலைக்க வேண்டுமானால் கடமான் நிலைக்க வேண்டும். புலி அதைத்தான் தேடித் தின்கிறது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலோ வேட்டைக்காரர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மான்களைச் சுடுகிறார்கள். அவற்றில் பெரும்பகுதி கடமான்தான். அப்படிச் சுட்டும் அது குறையவில்லை. புதிய பள்ளத்தாக்குகளுக்குப் பரவிக்கொண்டே இருக்கிறது.

1861இல் மெல்போர்னில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அயல்நாட்டு விலங்குகளையும் பறவைகளையும் மீன்களையும் கப்பலில் வரவழைத்து அந்த மண்ணுக்குப் பழக்குவதே அதன் வேலை. ‘ஆர்கஸ்’ நாளிதழின் எட்வர்ட் வில்சன் அதற்கு முன்னின்றார். பேராசிரியர்களும் பெரும் பண்ணையார்களும் சேர்ந்தார்கள். அறியாமையில் நடந்த தவறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. அந்தக் காலனியில் மிக அதிகம் படித்தவர்கள், நல்லது செய்கிறோம் என்ற முழு நம்பிக்கையோடு செய்த காரியம் இது. அவர்கள் பார்வையில் கங்காருவும் வாம்பட்டும் வேட்டைக்குரிய விலங்குகளே அல்ல. கொம்புள்ள மான் இருந்தால்தான் அது கௌரவமான நாடு. 1860களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கடமான்கள் வந்து இறங்கின. மெல்போர்னுக்கு வடக்கே சுகர்லோஃப் மலையிலும், தென்கிழக்கே கூ வீ ரப் சதுப்பிலும் அவற்றை அவிழ்த்துவிட்டார்கள். அங்கிருந்து அவை கிழக்கே கிப்ஸ்லாந்து மலைகளுக்கு ஏறின. (புள்ளிமானும் போயிருக்கிறது. 1886இல் குவீன்ஸ்லாந்தில் மேரிவேல் பண்ணையில் விடப்பட்டவற்றின் வழிவந்தவை சார்ட்டர்ஸ் டவர்ஸ் ஊரைச் சுற்றி இன்றும் மேய்கின்றன.)

கடமானுக்கு அந்த மலைகள் வெகுவாகப் பிடித்துப்போயின. செங்குத்தான சரிவு, அடர்ந்த புதர், ஒவ்வொரு மடிப்பிலும் ஓடை. புல், இலை, பட்டை, பழம் என்று எதையும் தின்னும் விலங்கு அது. ஐரோப்பியர்கள் கொண்டுவந்து களையாகிப்போன ப்ளாக்பெர்ரி முட்புதர்கூட அதற்குத் தீனி. பகலில் படுக்க மறைவிடமும் அதுவே. பிணை ஆண்டில் எந்த மாதமும் கன்று ஈனும். புலி இல்லை, சிறுத்தை இல்லை, செந்நாய்க் கூட்டம் இல்லை. டிங்கோவும் காட்டு நாய்களும் கன்றுகளைப் பிடிக்கும். வளர்ந்த ஆண் கடமானை, அதுவும் இருநூறு கிலோவைத் தாண்டியதை, அவை எளிதில் நெருங்குவதில்லை. நம் காட்டில் எப்போதும் காதை விறைத்துக்கொண்டு நிற்கும் இந்த மிருகத்துக்கு, வளர்ந்துவிட்டால், அங்கே மனிதனைத் தவிர வேறு பகையே இல்லை.

மனிதனிடமிருந்து தப்பிப்பதில் அது கெட்டிக்காரன். டார்கோ, மான்ஸ்ஃபீல்ட், லிகோலா போன்ற மலையோரச் சிற்றூர்களுக்கு வார இறுதியில் வந்து இறங்கும் வேட்டைக்காரர்களைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். கடமான் மந்தையாகத் திரியாது. தனியாகவோ, பிணையும் கன்றுமாகவோ இருக்கும். இரவில் மேய்ந்துவிட்டு, வெளிச்சம் வரும்போது சரிவின் பாதியில், கீழிருந்து வரும் காற்றை முகரத் தோதான இடம் பார்த்துப் படுத்துவிடும். அதனால் வேட்டைக்காரன் விடியுமுன்பே எதிர்ச்சரிவில் போய் உட்கார்ந்து, தொலைநோக்கியால் அங்குலம் அங்குலமாகத் தேடுகிறான். தேடுவது முழு மானை அல்ல; ஒரு காதின் அசைவை, வயிற்றின் கிடைமட்டக் கோட்டை. ஈரமண்ணில் குளம்புத் தடம், புதுப் புழுக்கை, கொம்பு தேய்த்துப் பட்டை உரிந்த மரம், ஆண் கடமான் புரண்டெழுந்த சேற்றுக்குழி: இவற்றைப் படிக்கத் தெரியாதவனுக்கு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் கிடைக்காது. காற்று ஒரு முறை திரும்பினால் போதும். ‘பாங்க்’ என்று ஒரு கனைப்பு, வால் நிமிரும், காடு மூடிக்கொள்ளும். நம் காடுகளில் புலி நடமாட்டத்தைக் காட்டிக்கொடுக்கும் அதே எச்சரிக்கைக் குரல்.

இன்னொரு முறை மோப்ப நாய்களோடு போவது. பீகிள், ஹாரியர், பிளட்ஹவுண்ட் ஆகிய மூன்று இன நாய்களை மட்டுமே சட்டம் அனுமதிக்கிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரைதான் பருவம். நாய்கள் மோப்பம் பிடித்து மானை எழுப்பி ஓட்ட, அது வரக்கூடிய ஓடைக்கரைகளிலும் பாதைகளிலும் ஆட்கள் காத்திருப்பார்கள். தலைமுறையாக இதைச் செய்துவரும் குடும்பங்கள் உண்டு.

சட்டம் கண்டிப்பானது. 1996இல் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்ற பிறகு ஆஸ்திரேலியா அரைத் தானியங்கி வகைத் துப்பாக்கிகளைப் பொதுமக்களிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டது. துப்பாக்கி வைத்திருக்கத் தக்க காரணம் காட்ட வேண்டும்; மான் வேட்டைக்குத் தனி உரிமம் வேண்டும். கடமானுக்குத் தோட்டாவின் விட்டம் .270 அங்குலத்துக்கும் எடை 130 கிரெயினுக்கும் குறையக்கூடாது. காயத்தோடு ஓடி நாள்கணக்கில் செத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக இந்த விதி. இரவில் விளக்கடித்து மான் சுடுவது குற்றம். இந்த விதிகளை மதித்து, சுட்ட மானைத் தோளில் சுமந்து மலையேறி, குளிர்பெட்டியை நிரப்பி வீட்டுக்குக் கொண்டுபோகும் வேட்டைக்காரன்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. தொழுவத்தில் அடைபட்டு வளர்ந்த மாட்டைவிட நல்ல வாழ்வு வாழ்ந்த விலங்கின் இறைச்சி அது.

ஆனால் அந்த மலைக்கு என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். யாரா மலைத்தொடரில் நெமடோலெபிஸ் வில்சோனி என்று ஒரு சிறு மரம் இருக்கிறது. எலுமிச்சை, கறிவேப்பிலையின் குடும்பத்தைச் சேர்ந்தது. வெள்ளைப் பூ, பளபளக்கும் இலை, கசக்கினால் மணம். உலகத்திலேயே அந்த மலைத்தொடரின் மிகச் சிறிய பரப்பில் மட்டும் வளர்கிறது. ஆண் கடமானுக்கு மணமுள்ள மரத்தில் கொம்பு தேய்ப்பதில் தனி விருப்பம். தேய்க்கத் தேய்க்கப் பட்டை சுற்றிலும் உரிந்து மரம் பட்டுப்போகிறது. 2009 பிப்ரவரியில் விக்டோரியாவைச் சுட்டெரித்த காட்டுத்தீ இந்த மரங்களையும் எரித்தது. தீயின் சூட்டில் விதைகள் முளைத்தன. அந்த மண்ணின் செடிகள் தீயோடு வாழப் பழகியவை. கொம்போடு வாழ அவை பழகவில்லை. கப்பலில் வந்து இறங்கும்வரை அங்கே மான் என்ற விலங்கே இருந்ததில்லை. ஒரு மரம் தன் இனம் முழுவதையும் சில ஏக்கரில் வைத்துக்கொண்டு நிற்கும்போது, ஒரு ஆண் கடமான் சில இரவுகளில் செய்யும் சேதம் சிறு சேதம் அல்ல. இதை எழுதும்போது எனக்கு மனம் பதைக்கிறது. நாம் பெருமையோடு பார்க்கும் விலங்கு ஒன்று, தான் செய்வது என்னவென்றே தெரியாமல், ஓர் உயிரினத்தை உலகத்திலிருந்து துடைத்துக்கொண்டிருக்கிறது.

உயரே, பனி விழும் ஆல்பைன் தேசியப் பூங்காவில் ஸ்பாக்னம் பாசிச் சதுப்புகள் உள்ளன. உருகும் பனிநீரை உள்வாங்கி வைத்துக்கொண்டு, கோடை முழுவதும் ஓடைகளுக்குச் சிறிது சிறிதாக விடுபவை. அவற்றின் வளர்ச்சி மிக மெதுவானது. ஆண் கடமான் அதில் புரண்டு சேற்றுக்குழியாக்கிவிட்டால், நீர் கோடு கிழித்து வடிந்துவிடும்; சதுப்பு காயும். மெல்போர்ன் நகரத்தின் குடிநீரில் பெரும்பகுதி, பொதுமக்கள் நுழையவே அனுமதியில்லாத மலைக்காடுகளிலிருந்து வருகிறது. அந்தக் காடுகளில் மான்கள் திரிந்து, நீர்த்தேக்கத்தின் கரையில் புழுக்கை இடுகின்றன. மனிதர்கள் நுழைய முடியாது என்றால் வேட்டைக்காரர்களும் நுழைய முடியாதே!

2007இல் விக்டோரியா அரசு, உள்ளூர்த் தாவரங்களைக் கடமான் சிதைப்பதை அச்சுறுத்தும் நிகழ்வு என்று சட்டப்படி பட்டியலிட்டது. அதே அரசின் 1975ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்திலோ கடமான் பாதுகாக்கப்பட்ட வேட்டை விலங்கு. தோட்டத்தை மேயும் மானைச் சுட விவசாயி முன்பு தனியாக அனுமதி வாங்க வேண்டியிருந்தது. பிறகுதான் தனியார் நிலத்தில் சேதம் செய்யும் மான்களுக்கு விலக்கு வந்தது. ஒரு சட்டம் அதை அச்சுறுத்தல் என்கிறது, இன்னொரு சட்டம் காத்து நிற்கிறது. 1861ஆம் ஆண்டுச் சங்கம் கலைந்துபோனாலும் அதன் ஆசை சட்டப் புத்தகத்தில் உயிரோடு இருந்திருக்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

வேட்டைக்காரர் அமைப்புகள் சொல்வது: நாங்கள் செலவில்லாமல் ஒரு லட்சம் மானைக் குறைக்கிறோம், இன்னும் அதிகக் காடுகளைத் திறந்துவிடுங்கள். எண்ணிக்கை பெரியதுதான். ஆனால் ஓர் இனத்தைக் குறைக்க வேண்டுமானால், பிறக்கும் கன்றுகளைவிட அதிகமாக, அதுவும் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும், ஆண்டு தவறாமல் கொல்ல வேண்டும். பொழுதுபோக்கு வேட்டைக்காரன் ஜீப் போகும் பாதையிலிருந்து ஒரு நாளில் நடந்து திரும்பக்கூடிய இடத்தில் சுடுகிறான். சுட்டதைச் சுமந்து வர வேண்டுமே. பாதையில்லாத மலையின் நடுவில் பிணைகள் பத்திரமாக ஈனுகின்றன. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஒரு பள்ளத்தாக்கில் மான் குறைந்துவிட்டால் வேட்டைக்காரன் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடுவான், அது நியாயமும்கூட. பத்து மான் இருக்கும் இடத்தில் ஒன்றைச் சுடுவது விளையாட்டு. ஒரே ஒரு மான் மிஞ்சியிருக்கும் இடத்தில் அதைத் தேடிப் பத்து நாள் அலைவது கூலிக்குச் செய்யும் வேலை. மலையைக் காப்பாற்றுவது அந்தப் பத்து நாள்தான். அடுத்த ஆண்டும் மான் வேண்டும் என்று விரும்புகிறவரிடம் அந்த வேலையை ஒப்படைக்க முடியாது.

2019-20 கோடைத் தீக்குப் பிறகு கிழக்கு விக்டோரியாவில் ஹெலிகாப்டரிலிருந்து சுடத் தொடங்கினார்கள். எரிந்த காட்டில் புதிதாகத் துளிர்ப்பதை மான்கள் மேய்ந்துவிடாமலிருக்க. விமானியோடு பயிற்சி பெற்ற சுடுநர் ஒருவர். சில இடங்களில், உடல் வெப்பத்தைக் கண்டுபிடிக்கும் காமிராவோடு இன்னொருவர். விழுந்த மானையும் உயிர் போயிற்றா என்று உறுதிசெய்ய மறுபடி சுடுவார்கள். பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும் காட்சி. இறைச்சியைப் பெரும்பாலும் எடுக்க முடியாது. மலையிலேயே கிடக்கும், நரியும் காட்டு நாயும் பன்றியும் தின்னும். அந்த நரியும் பன்றியும் வெளியிலிருந்து வந்தவையே என்பதால் இதுவும் ஒரு செலவு. நல்ல இறைச்சி வீணாவதைக் கண்டு வேட்டைக்காரர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பக்கத்து மாநிலமான தெற்கு ஆஸ்திரேலியா துணிந்து ஒரு முடிவெடுத்தது: 2032க்குள் தன் நிலப்பரப்பில் காட்டு மான் ஒன்றுகூட இருக்கக்கூடாது. அங்கே இருப்பவை பெரும்பாலும் ஃபாலோ மான்கள், நிலமும் பெரும்பாலும் திறந்த மேய்ச்சல்வெளி. அங்கு அது நடக்கக்கூடியது. விக்டோரியாவின் செங்குத்து மலைகளில் கடமானை வேரோடு எடுக்க முடியும் என்று நான் நம்பவில்லை. ஆகவே முழு மாநிலத்தையும் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு, விட்டுக்கொடுக்கவே முடியாத இடங்களை முதலில் குறிக்க வேண்டும்: நெமடோலெபிஸ் நிற்கும் சரிவு, பாசிச் சதுப்புகள், குடிநீர்க் காடுகள். அங்கே சம்பளத்துக்குச் சுடுநர்களை வைத்து, பிணைகளை முதலில் குறிவைத்து, ஒரு ஆண்டுகூட இடைவெளி விடாமல் சுட வேண்டும். மற்ற மலைகளை வேட்டைக்காரர்கள் வைத்துக்கொள்ளட்டும். ஒரு பட்ஜெட்டில் பணம் ஒதுக்கி அடுத்த பட்ஜெட்டில் நிறுத்தினால், அதுவரை கொன்ற மான்கள் வீணாய்ச் செத்தவை ஆகிவிடும். பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து பிணைகள் இறங்கி வர ஒரு குளிர்காலம் போதும்.

(தொடரும்)