உலோபிகளின் வாதத்திறன்

பஸராவின் ஸைஹான் கால்வாய்க் கரையில் ரொட்டியும் மீனும் விற்று வாழ்ந்ததாக வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் இளைஞரே, பின்னாளில் அரபு உரைநடையின் பேராசானாக விளங்கிய ஜாஹிழ் (மறைவு: ஹிஜ்ரி 255). உணவு விற்றவரே உணவைப் பகிர மறுப்போரைப் பற்றிய நகைச்சுவை நூலையும் எழுதினார். 'கிதாபுல் புகலா' என்னும் அந்நூலின் உலோபிகள் மூடர்கள் அல்லர். கற்றவர்கள், நாவன்மை மிக்கவர்கள். நகைப்பு பிறப்பதே அவர்களுடைய அறிவிலிருந்துதான்.

அவர்களுள் ஒருவரான கிந்தீ வீடுகளை வாடகைக்கு விடுபவர். (தத்துவஞானி கிந்தீயும் இவரும் ஒருவரா என்பதில் ஆய்வாளர் ஒன்றுபடவில்லை.) ஆறு பேர் குடியிருந்த வீட்டுக்கு வாடகை 30 திர்ஹம். குடியிருந்தவரின் உறவினர் தம் மகனுடன் ஒரு மாத அளவு தங்க வந்தார். தலைக்கு 5 திர்ஹம் எனக் கணக்கிட்டு, இனி வாடகை 40 என்றார் கிந்தீ. காரணங்களையும் அடுக்கினார்: கால்கள் பெருகினால் மேல்தளத்து மண்பூச்சு உதிரும், தரையின் காரை பெயரும், வாயிற்படி உடையும், கழிவுக்குழி விரைவில் நிரம்பும். இவற்றுள் ஒன்றையேனும் பொய் என்று தள்ள இயலுமா?

இதனினும் நுட்பமானது, கலீஃபா மஃமூனின் நூலகப் பொறுப்பாளராக இருந்த ஸஹ்ல் பின் ஹாரூன் பெயரிலுள்ள மடல். கனிக்கூடைக்கு முத்திரையிட்டதையும், செருப்பைத் தைத்து அணிந்ததையும் உறவினர் பழித்தனராம். நபி (ஸல்) அவர்களும் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், ஆடைக்கு ஒட்டுப் போட்டார்கள் என்று மடல் விடையளிக்கிறது. சான்று மெய்யானது, ஆயின் அது நிற்கும் இடம் பிழையானது. பற்றற்றவர் தம் வயிற்றைச் சுருக்கிப் பிறருக்கு ஈவார். இவரோ கூடைக்கு முத்திரையிட்டுவிட்டு ஸுன்னாவைச் சான்றுக்கு அழைக்கிறார். இவ்வகை வாதம் நம் காலத்தில் வழக்கொழிந்துவிட்டதாகத் தோன்றவில்லை.

பெயர் சுட்டி நகைப்பது முறையா என்னும் ஐயம் இங்கே எழுவது இயல்பு. அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் ஏளனத்தையும், 12ஆம் வசனம் புறம்பேசுதலையும் தடுக்கின்றன. ஜாஹிழும் இதனை உணராதவர் அல்லர். பெயரை மறைத்தாலும் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும் கதைகள் பலவற்றை விட்டுவிட்டதாக முன்னுரையிலேயே சொல்கிறார். மதீனாவின் முஸப்பித் போன்ற பெயர்பெற்ற விகடர்மீது ஏற்றிச் சொன்னால் சுவையற்ற துணுக்கும் எடுபடும் என்றும் அங்கே கூறுகிறார். பெயரின் ஆற்றலை அவ்வளவு அறிந்தவர் ஸஹ்லின் பெயரை மறைக்கவில்லை. மடலை எழுதியவர் ஸஹ்லா, ஜாஹிழா என்னும் விவாதமும் முடிந்தபாடில்லை. ஜாஹிழே புனைந்தது என்றால், வினா கீபத்தைப் பற்றியதன்று, புஹ்தானைப் பற்றியதாகிவிடும்.