கண்ணாடிக்குள் ஒரு கடல்: பவளத்தொட்டிகளும் மன்னார் வளைகுடாவும்

முத்தையும் பவளத்தையும் இணைத்துப் பாடுதல் தமிழ்ப் புலவர் மரபு. பல்லுக்கு முத்தும் இதழுக்குப் பவளமும் உவமையாயின. ஆயினும் இவ்விரண்டும் ஒரே கடலின் செல்வங்களல்ல. முத்து கொற்கைக்குரியது. அணிகலன்களில் பதிக்கப்பெறும் செம்பவளமோ பெரும்பாலும் மத்தியதரைக் கடலில் விளைந்து வணிகர்வழி நம்மை வந்தடைந்தது. நம் கடலில் விளையும் பவளம் வேறு வகையினது. அது அணியாவதில்லை, பாறையாகிறது. அப்பாறையைச் சார்ந்து வாழும் உயிர்களே இக்கட்டுரையின் பொருள்.

அண்மைக் காலமாகப் பெருநகர் இல்லங்களிலும் விடுதி முகப்புகளிலும் மருத்துவமனைக் கூடங்களிலும் உவர்நீர்த் தொட்டிகள் இடம்பெற்று வருகின்றன. தங்கமீன் வளர்த்த பழைய தொட்டிகளல்ல இவை. உப்புநீர், உயிருள்ள பவளம், கடல் தாமரை, அதனிடையே நீந்தும் கோமாளி மீன் என ஒரு பவளத்திட்டையே கண்ணாடிக்குள் அமைத்துக் காட்டுகின்றன. காண்போர் வியக்கின்றனர். அந்த அழகு எங்கிருந்து எடுக்கப்பட்டது, எடுத்த இடத்தில் எதை விட்டுச் சென்றது என்னும் வினாக்கள் எழுவதில்லை.

திருமலை என்றவுடன் ஈழத்துத் திருகோணமலையை நினைப்பார் பலர். அங்கே நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவும் அதனைச் சூழ்ந்த பவளத்திட்டுகளும் உள. 2003ஆம் ஆண்டில் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. நான் குறிப்பது அத்திருமலையன்று. ஆரணிப் பட்டு நெசவு வட்டாரத்தைச் சார்ந்து, குந்தவைப் பிராட்டி பெயரால் அமைந்த சமணக் கோயிலும் பாறையிற் செதுக்கப்பெற்ற நேமிநாதர் திருவுருவமும் விளங்கும் நம் திருமலை. இங்கிருந்து கடல் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவு. கடலைக் காணாதோர் வீட்டிலும் கடல் வந்து அமரும் காலம் இது. ஆதலின் இப்பொருள் கரையோரத்தார்க்கு மட்டும் உரியதன்று.

பவளம் என்பது யாது? கல் என்பார் சிலர். செடி என்பார் சிலர். இரண்டும் அன்று. அது ஒரு சிற்றுயிர். மென்மையான குழலுடலும் வாயைச் சுற்றிய உணர்கொம்புகளும் உடைய இவ்வுயிர், கடல்நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பைக் கொண்டு தன்னடியில் கிண்ணம்போன்ற இருப்பிடம் அமைத்துக்கொள்கிறது. ஆயிரக்கணக்கான உயிர்கள் அடுத்தடுத்து அமைத்த கிண்ணங்களே நாம் காணும் பவளப்பாறை. இவ்வுயிரின் திசுக்களுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைப் பெற்று உணவு சமைத்து, அதில் பெரும்பங்கை வீட்டுக்காரருக்கு வாடகையாகத் தருகின்றன என்னலாம். நிறத்தைத் தருவனவும் பெரும்பாலும் அவையே. நீரின் வெப்பம் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை மிகுந்து சில வாரங்கள் நீடித்தாலே இந்த உறவு முறிகிறது. பாசிகள் வெளியேற்றப்படுகின்றன, பவளம் வெளுக்கிறது, வெப்பம் தணியாவிடில் மடிகிறது. கிளைவிடும் இனங்கள் ஆண்டுக்குச் சில அங்குலம் வளரக்கூடும். உருண்டு திரண்ட பாறையினங்களோ ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளர்கின்றன. ஓர் உளியடியில் பெயர்ந்துவரும் தலையளவு பாறைக்குப் பின்னால் பல ஆண்டுகள் கழிந்திருக்கின்றன.

தமிழகத்தில் இத்தகைய திட்டுகள் சிறந்து விளங்குமிடம் மன்னார் வளைகுடா. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை தொடராக அமைந்த 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. 1989இல் உயிர்க்கோளக் காப்பகம் அமைந்தது. கிழக்கிந்தியக் கடலாராய்ச்சியில் இவ்வளைகுடாவுக்குத் தனியிடம் உண்டு. இங்குள்ள முத்து, சங்கு எடுப்புத் தொழிலையும் கடல் உயிர்களையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1890இல் நூல் வெளியிட்டார். குருசடைத் தீவின் கரையோர உயிர்களைக் குறித்த கிரேவ்லியின் தொகுப்பு 1927இல் வெளிவந்தது. பின்வந்த ஆய்வாளர் இவ்வளைகுடாவில் 117 பவள இனங்களைக் கணக்கிட்டுள்ளனர். கீழக்கரையிலும் தூத்துக்குடியிலும் சங்கு குளிப்போர் வழிவழியாக மூழ்கியதும் இக்கடலில்தான். சங்கும் முத்துச்சிப்பியும் எந்தப் பாரில் எக்காலத்தில் கிடைக்கும் என்பதை நூலின்றி அறிந்தவர்கள் அவர்கள்.

இத்தகைய கடலை நாம் எவ்வாறு நடத்தினோம்? பவளப்பாறையைப் பெயர்த்துச் சுண்ணாம்பு சுட்டோம், ஆலைகளுக்கு மூலப்பொருளாக அனுப்பினோம், கட்டடமும் எழுப்பினோம். 1964ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த தனுஷ்கோடித் தேவாலயத்தின் எஞ்சிய சுவர்களை அணுகிப் பார்ப்போர் அக்கற்களில் பவளக் கண்களைக் காணலாம். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்னும் இரு தீவுகள் இன்று நீர்மட்டத்திற்குக் கீழே உள்ளன. திட்டு இருந்தால் அலை அதில் மோதித் தளரும். திட்டைப் பெயர்த்தபின் அலைக்குத் தீவே இரையாகும். தூத்துக்குடியை அடுத்த வான்தீவும் அவ்வாறே சுருங்கிவந்தது. அதனைக் காக்க 2015 முதல் கடலடியில் செயற்கைத் திட்டுகள் இறக்கப்பெற்றன. இயற்கை விலையின்றித் தந்ததைச் சிமெண்டில் வார்த்து மீண்டும் இறக்குகிறோம்.

வண்ணமீன் வணிகம் இக்கல்லெடுப்பைப்போல் பேரழிவு செய்ததன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். வெப்பத்தோடு ஒப்பிடின் அது மிகச் சிறிது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடாவில் பவளங்கள் வெளுத்தன. உலகளாவிய நான்காம் வெளுப்பு நிகழ்வு 2024 ஏப்ரலில் உறுதிசெய்யப்பெற்றது. இழுவைமடியின் கேடும் குறைந்ததன்று. எனினும் தொட்டி வணிகத்திற்கென ஒரு தனித்தன்மை உண்டு. வெப்பம் பொதுப்பட அழிக்கிறது. வணிகமோ தேர்ந்தெடுத்து எடுக்கிறது. எது அழகோ, எது அரிதோ, அதுவே விலைபோகும். அரிதாகுந்தோறும் விலை ஏறும். விலை ஏறுந்தோறும் தேடுவோர் பெருகுவர்.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பைச் சார்ந்த உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம் 2003இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஆண்டொன்றுக்கு 2 கோடி முதல் 2.4 கோடி வரையிலான கடல்மீன்கள் உலகெங்கும் தொட்டிகளுக்காக விற்கப்பட்டன. அவை 1,471 இனங்களைச் சார்ந்தவை. இவற்றுடன் ஏறத்தாழ 1.1 கோடி பவளத் துண்டுகளும் விலைபோயின. நன்னீர் வண்ணமீன்களில் மிகப்பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை. நம் சென்னைக் கொளத்தூரில் நடைபெறும் பெருவணிகமும் அத்தகையதே. கடல் வண்ணமீன்களோ பெரும்பாலும் காட்டுவிலங்குபோல் பிடிக்கப்பட்டவை. இவ்வேறுபாட்டை அறியாமல் இரண்டையும் ஒன்றாக எண்ணுவது நம்மிடையே பரவலாக உள்ள பிழை.

பிடிக்கும் முறை ஒன்றை மட்டும் சொல்கிறேன். பிலிப்பைன்சு நாட்டில் 1960களில் தொடங்கிய வழக்கம் இது. மூழ்குபவர் சோடியம் சயனைடு கரைந்த நீரைப் புட்டியிலிருந்து பாறையிடுக்கில் பீய்ச்சுவார். மீன் மயங்கி வெளிவரும், கையால் அள்ளிவிடலாம். மீன் மயக்கம் தெளிந்து கடைக்குச் சென்று, பின்னர் ஏனென்று தெரியாமல் மடியக்கூடும். இடுக்கைச் சுற்றியிருந்த பவளமும் சிற்றுயிர்களும் அங்கேயே மடியும். ஒரு மீனின் விலையில் இந்த இழப்பு எழுதப்படுவதில்லை. சிறுவலை கொண்டு பொறுமையுடன் பிடிப்போரும் உளர். இலங்கையினின்று பல்லாண்டுகளாக நடைபெறும் ஏற்றுமதியை நம்பி வாழும் மூழ்குநர் குடும்பங்கள் பல. திட்டு உயிரோடிருந்தால்தான் தம் தொழில் உயிரோடிருக்கும் என்பதை அவர்கள் அறிவர். ஆதலின் இத்தொழிலை முற்றிலும் குற்றமென்று ஒதுக்குதல் நேர்மையாகாது.

சில இனங்கள் தொட்டிக்கே உரியனவல்ல. பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்று வாழும் துப்புரவு மீனைத் திட்டிலிருந்து அகற்றினால், அதனிடம் வந்து நின்ற மீன்களெல்லாம் நோயைச் சுமக்கின்றன. தொட்டியிலோ அதற்கேற்ற இரை கிடைப்பதில்லை. இந்தோனேசியாவின் பங்காய்த் தீவுகளில் மட்டும் இயல்பாக வாழும் ஒரு சிறுமீன், தன் குஞ்சுகளை வாயிலடக்கிக் காப்பது. குஞ்சுகளின் தொகையும் சிறிது. தொட்டியின் பொருட்டு மிகுதியாகப் பிடிக்கப்பட்டமையால் 2007இல் அது அருகிய இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது.

இந்தியச் சட்டம் இதில் தெளிவாக உள்ளது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் பாறை அமைக்கும் பவளங்கள், கடல் விசிறிகள், கடற்குதிரைகள், கடல் அட்டைகள் முதலியன சேர்க்கப்பெற்றன. அட்டவணைகள் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மாற்றியமைக்கப்பெற்ற பின்னரும் பாறைப் பவளங்களுக்கு அக்காப்பு தொடர்கிறது. புலிக்குரிய பாதுகாப்பே பவளத்திற்கும். நம் கடலில் ஒரு பவளத் துண்டைப் பெயர்த்துத் தொட்டியில் வைப்போர் புலிக்குட்டியைக் கூண்டில் வைத்தவரைப்போலவே சட்டத்தின்முன் நிற்க நேரும். ஆயினும் மீன்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. 2017 மே மாதத்தில் மைய அரசு வெளியிட்ட மீன்தொட்டி விதிகள் கோமாளி மீன், வண்ணத்துப்பூச்சி மீன் உள்ளிட்ட 158 இனங்களைக் காட்சிப்படுத்தவும் விற்கவும் தடைவிதித்தன. வணிகரின் எதிர்ப்பு எழ, அவ்விதிகள் அவ்வாண்டின் இறுதியிலேயே திரும்பப் பெறப்பட்டன. அவ்விதிகள் பண்ணையில் பிறந்த மீனையும் கடலில் பிடித்த மீனையும் ஒன்றாக நடத்தின என்பதே என் குறை. இருந்த ஒரே மாற்றுவழியையும் அவை அடைத்துவிட்டன.

இனித் தொட்டியையே நோக்குவோம். ஆரணிப் பகுதியில் ஒருவர் நானூறு லிட்டர் கொள்ளும் பவளத்தொட்டி அமைப்பதாகக் கொள்வோம். பவளத்திற்கு நீர் 25 முதல் 27 பாகைக்குள் இருத்தல் வேண்டும். நம் சித்திரை வெயிலில் குளிரூட்டும் கருவியின்றி இது இயலாது. விளக்குகள் 200 வாட் வீதம் பத்து மணி நேரமும், நீர்சுழற்றும் பொறிகள் 60 வாட் வீதம் நாள் முழுவதும், குளிரூட்டி 300 வாட் வீதம் பன்னிரண்டு மணி நேரமும் இயங்கினால் நாளொன்றுக்கு ஏழு அலகு மின்சாரம் செலவாகும், மாதத்திற்கு இருநூற்றுப்பத்து. ஒரு சிறு குடும்பம் விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் செலவிடுவதைவிட இது மிகுதி. நிலக்கரியை எரித்துப் பெறும் மின்சாரத்தால் ஒரு பவளத்தைக் குளிர்விக்க, அப்புகையால் வெளியே கடல் வெப்பமாகிறது. இதைவிடக் கூரிய முரணை நான் கண்டதில்லை.

நீர்க்கணக்கும் உண்டு. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் வழக்கம். அதாவது நாற்பது லிட்டர். குழாய்நீரை அப்படியே பயன்படுத்த முடியாது. வடிகட்டும் எந்திரத்தில் ஒரு குடம் நல்ல நீருக்கு மூன்று குடம் கழிவாகப் போகக்கூடும். கமண்டல நாகநதி ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஊரில் இதைச் சிந்திக்க வேண்டும். வெளியேற்றும் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. வாரம் 1.4 கிலோ, ஆண்டுக்கு எழுபது கிலோவுக்கு மேல். கடலோர ஊரில் அது கடலுக்கே திரும்பலாம். நம் தெருச் சாக்கடை வழியாகவோ தென்னை அடியிலோ ஊற்றினால் மண்ணிலும் கிணற்றிலும் தங்கும். சாயக் கழிவுநீரால் கிணறு கெட்டதைக் கண்ட நெசவூர் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நெசவுத் தொழிலினின்றே ஒரு வழியையும் காணலாம். தறியிலேறும் மல்பரிப் பட்டுக்காகக் காட்டுக்குச் சென்று எவரும் கூடு பொறுக்குவதில்லை. அப்புழு பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் வீட்டில் வளர்க்கப்பட்டது. கடல் வண்ணமீன் வணிகம் இன்றும் கூடு பொறுக்கும் நிலையில்தான் உள்ளது. இதனை மாற்றும் முயற்சி நம் மண்டபத்திலேயே நடந்தது. மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் 1947இல் தோன்றி, பின்னர் மண்டபம் முகாமில் இயங்கியது. தலைமையகம் 1971இல் கொச்சிக்கு மாறினும் மண்டபத்தில் மையம் தொடர்ந்தது. அங்கே கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு பொரித்து வளர்க்கும் முறை வகுக்கப்பெற்றது. பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடலுயிரியல் உயராய்வு மையத்தினரும் இதில் வெற்றி கண்டனர்.

கோமாளி மீனின் இல்லறம் வியப்புக்குரியது. ஒரு கடல் தாமரையில் வாழும் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண். பெண் மறைந்தால் அந்த ஆணே பெண்ணாக மாறும். கடலில் பெரிய அழகிய மீனைப் பிடித்தெடுப்பவர் அக்குடும்பத்தின் தாயையே எடுக்கிறார். ஆராய்ச்சி மையத் தொட்டியிலோ ஓர் இணை பானையோட்டிலோ ஓட்டுத் துண்டிலோ முட்டையிட, ஆண் மீன் செட்டையால் விசிறிக் காக்கிறது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சு பொரிக்கும். முதல் நாள்களில் கண்ணுக்குப் புலப்படாத சக்கர உயிரிகளே அவற்றின் உணவு. அதனைத் தவறாமல் வளர்த்தளிப்பதில்தான் தொழிலின் வெற்றி உள்ளது. பயிற்சி பெற்ற கடற்கரைப் பெண்கள் வீட்டிலிருந்தே செய்யத்தக்க வேலை இது.

பவளத்திற்கும் இவ்வழி ஓரளவு பொருந்தும். தொட்டி வளர்ப்போர் ஒரு துண்டை முறித்து ஒட்டி இன்னொரு கொத்தாக வளர்க்கும் கலையில் தேர்ந்தனர். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் மன்னார் வளைகுடாவில் துண்டுகளை நட்டுத் திட்டுகளை மீட்க முயல்வதும் துண்டிலிருந்து கொத்து உண்டாக்கும் இம்முறையால்தான்.

மற்றொன்றும் கூறவேண்டும். தொட்டியில் சலிப்புற்றோர் உயிரை நீர்நிலையில் விட்டுவிடுதலை அறமென எண்ணுகின்றனர். நம் கடலுக்குரிய சிங்க மீன் 1985இல் அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் காணப்பட்டது. தொட்டியிலிருந்து விடப்பட்டதென்றே கருதப்படுகிறது. இன்று அது கரீபியக் கடல் முழுவதும் பரவி அங்குள்ள சிறுமீன்களைத் தின்று தீர்க்கிறது. மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தை அடுத்து 1984இல் தென்பட்ட ஒரு பச்சைப் பாசி மத்தியதரைக் கடலடியைப் போர்த்தியது. கடல்மீன் ஆரணி ஏரியில் பிழைக்காது என்பது உண்மைதான். ஆனால் கண்ணாடியைச் சுத்தஞ்செய்யவென்று நன்னீர்த் தொட்டியில் விடும், உடலெங்கும் செதில்தட்டுகள் கொண்ட தென்னமெரிக்க உறிஞ்சுவாய் மீன் தமிழகத்து ஏரிகளிலும் ஆறுகளிலும் இப்போது வலையில் சிக்குகிறது. மீனவர் அதை விற்கவும் முடியாமல், முள்ளால் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கின்றனர்.