கொல்லையில கிடக்கிற அடிக்கட்டை: ஆசிட் வேண்டாம், தண்ணி போதும்

(ஒலிப்பதிவின் செம்மைப்படுத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன வாரம் வந்த குரல் பதிவுகள்ல ஒண்ணை முதல்ல சொல்லிடறேன். ஒரு நேயர், வீட்டுக் கொல்லையில நின்ன ஒரு முருங்கையையும் ஒரு வேம்பையும் ரெண்டு வருஷம் முன்னாடி தரையோட தரையா வெட்டியிருக்கார். ரெண்டும் தொடை கனம்தான். மரம் போயிடுச்சு, கட்டை போகலை. மழை பெய்தா துளிர்க்குது, அரிவாளால சீவறார், திரும்பவும் துளிர்க்குது. போன மாசம் ராத்திரியில அவரோட அம்மா கொல்லைப் பக்கம் போனப்போ முருங்கைக் கட்டை தடுக்கி விழுந்துட்டாங்க. மணிக்கட்டுல எலும்பு முறிவு. "கடையில ஆசிட் ஊத்தச் சொல்றாங்க, ஊத்தலாமா?" இதுதான் அவர் கேள்வி.

ஊத்தாதீங்க. ஆசிட் கட்டையோட மேல்பரப்பைத்தான் கருக்கும். உயிர் இருக்கிறது மண்ணுக்கு அடியில. உப்பும் அப்படித்தான், கட்டை சாகுறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கிற மண்ணு கெட்டுப்போகும், அப்புறம் அங்க ஒரு கீரை விதைக்க முடியாது. மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தறதும் வேண்டாம். காய்ஞ்ச வேர் வழியா நெருப்பு மண்ணுக்குள்ளேயே கனன்னுகிட்டுப் போகும், எங்க வெளியில வரும்னு சொல்ல முடியாது.

வெட்டின மரம் ஏன் துளிர்க்குது? வேர்ல மாவுச்சத்து சேர்ந்திருக்கு. இலை இல்லாமப் போனதும் அந்தச் சேமிப்பைச் செலவு பண்ணித்தான் புதுத் துளிர் விடுது. அந்தத் துளிரை ஒரு மாசம் வளரவிட்டுச் சீவினா, அதுக்குள்ள இலைகள் செலவான சத்தைத் திருப்பிச் சேர்த்துடும். நேயர் ரெண்டு வருஷமா செய்தது அதுதான். கட்டைக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கார்.

சின்னக் கட்டைன்னா தோண்டி எடுக்கறதே நல்லது. ஆனா முதல்ல எந்த மரம்னு பாருங்க. போத்து நட்டு வளர்ந்த முருங்கைக்கு நிஜமான ஆணிவேர் கிடையாது, பக்கவேர்கள்தான், சுலபமா வந்துடும். விதையில இருந்து முளைச்ச முருங்கைன்னா கிழங்கு மாதிரி பருத்த ஆணிவேர் இருக்கும். வேம்புக்கும் ஆணிவேர் உண்டு, மெனக்கெடணும். சீமைக்கருவேலம் தனி ரகம். அதோட மொட்டுகள் தரைமட்டத்துக்குக் கீழே, கழுத்துப் பகுதியில இருக்கு. அதனால தரையோட வெட்டினா ஒண்ணு இருந்த இடத்துல பத்து வரும். ஒரு அடி ஆழம் தோண்டி அதுக்குக் கீழே வெட்டணும்.

தென்னை துளிர்க்காது. அதுக்காகச் சும்மா விட்டுடக் கூடாது. மக்குற தென்னங்கட்டையில காண்டாமிருக வண்டு முட்டையிடும், பக்கத்துல நிக்கிற தென்னையோட குருத்துக்கு ஆபத்து. தஞ்சாவூர் வாடல் நோய்ல செத்த மரம்னா தூரை வேரோட எடுத்து அப்புறப்படுத்தியே ஆகணும்.

இனிமே வெட்டப்போறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். மரத்தைத் தரையோட அறுக்காதீங்க, இடுப்பு உயரத்துக்கு விட்டு அறுங்க. அந்த மூணு அடித் தண்டுதான் உங்க நெம்புகோல். நானும் ஒரு தடவை பார்க்க அழகா இருக்கட்டும்னு சுத்தமா அறுத்துட்டேன். அப்புறம் பிடிச்சு ஆட்டறதுக்கு ஒண்ணும் இல்லாம ஒரு நாள் முழுக்கக் கடப்பாரையோட போராடினேன். போதாக்குறைக்கு மோட்டார்ல இருந்து தொட்டிக்குப் போற குழாயையும் உடைச்சேன். அதனால தோண்டறதுக்கு முன்னாடி தண்ணிக் குழாய், செப்டிக் டேங்க், மண்ணுக்குள்ள போற கரண்ட் ஒயர், எர்த் குழி எல்லாம் எங்க இருக்குன்னு கேட்டுத் தெரிஞ்சுக்குங்க. வீட்டைக் கட்டின கொத்தனாரைக் கேட்டா இன்னும் நல்லது.

முதல் நாள் சாயந்தரம் கட்டையைச் சுத்திப் பாத்தி மாதிரி கட்டி நிறையத் தண்ணி விடுங்க. செம்மண்ணா இருந்தா காலையில மண்வெட்டி இறங்கும். கரிசலுக்கு ரெண்டு நாள் பொறுங்க, இல்லைன்னா சேறு மண்வெட்டியிலேயே ஒட்டிக்கும்.

கட்டையில இருந்து ஒண்ணரை அடி தள்ளி வட்டமா தோண்டிக்கிட்டு உள்பக்கம் வாங்க. வேர் தெரிஞ்சதும் கோடாலியைத் தூக்காதீங்க. ஒரு குடம் தண்ணி ஊத்தி மண்ணையும் கல்லையும் கழுவிவிடுங்க. மண்ணோட வெட்டினா ரெண்டே வெட்டுல முனை மழுங்கிடும். ஒவ்வொரு வேரையும் ரெண்டு இடத்துல வெட்டணும், கட்டையை ஒட்டி ஒண்ணு, ஒரு முழம் தள்ளி ஒண்ணு. நடுத்துண்டை எடுத்துட்டா கோடாலி வீச இடம் கிடைக்கும். ஒரே இடத்துல வெட்டினா குழி நெருக்கமாவே இருக்கும், கால்ல வெட்டிக்குவீங்க.

பக்கவேர் போனதும் கட்டையை ஆட்டிப் பாருங்க. எந்தப் பக்கம் அசையலையோ அங்க இன்னொரு வேர் பிடிச்சிருக்கு. நம்ம நேயருக்குப் பிடிக்கத் தண்டு இல்லை. அவர் குழி ஓரத்துல ஒரு கல்லை முட்டுக் கொடுத்து, கடப்பாரையைக் கட்டைக்கு அடியில விட்டு நெம்பணும். சாயும்போது ஆணிவேர் தெரியும், அதைப் பக்கவாட்டுல வெட்டிடலாம். வண்டியில கயிறு கட்டி இழுக்கற யோசனையை மட்டும் விட்டுடுங்க. இறுகின கயிறு அறுந்தா எதிர்ல நிக்கிற ஆள் மேலதான் வந்து விழும்.

அவரோட வேம்பு காம்பவுண்டு சுவரை ஒட்டி இருக்காம். அதை நெம்பாதீங்க, அஸ்திவாரம் ஆடும். மேல்மண்ணை மட்டும் விலக்கி அரை அடி ஆழத்துல அறுத்துடுங்க. அப்புறம் வாரம் ஒருமுறை போய், துளிர் விரல்நீளம் வர்றதுக்குள்ள கையாலேயே கிள்ளுங்க. சில மாசம் ஆகும், சேமிப்பு தீர்ந்தா நின்னுடும். வேர்ல இருந்தும் தள்ளிக் கன்று கிளம்பலாம், அதையும் விடாதீங்க.

முருங்கைக் குழியை அன்னைக்கே மூடணும். அம்மா நடக்கற வழி, இருட்டுல கட்டையை விடக் குழி மோசம். அரை அடி மண் போட்டுத் தண்ணி விட்டு மிதிங்க, மறுபடி அரை அடி. கடைசியில தரையை விட நாலு விரல் உயரமா குவிச்சு விடுங்க, மழைக்கு இறங்கிடும். மிச்ச வேர் மக்க மக்க இன்னும் கொஞ்சம் இறங்கும், அதனால ஒரு மழைக்காலம் போகட்டும், அதுக்கப்புறம் சிமெண்ட் தளம் போடுங்க. அதுவரைக்கும் கொல்லையில ராத்திரி ஒரு பல்பு எரியட்டும்.